தராசும் தவணையும்

2025-ஆம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி ஐரோப்பியப் பார்லிமெண்டு, தானே இருபது மாதங்களுக்கு முன் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் முக்கியமான உறுப்புகள் சிலவற்றை வெட்டி எறியச் சம்மதித்தது. ஆதரவாக 428 வோட்டுகளும் எதிராக 218 வோட்டுகளும் விழுந்தன. பெரிய கம்பெனிகள் தங்கள் சரக்கு உற்பத்தியாகும் இடங்களில், அது சொந்த ஆலையாயினும் சரி, தமக்குச் சரக்குக் கொடுக்கும் பிறர் ஆலையாயினும் சரி, தொழிலாளர் கொடுமைக்கு ஆளாகாமலும் நிலமும் நீரும் காற்றும் நஞ்சாகாமலும் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவை என்பது அச்சட்டத்தின் சாரம். அதைக் குறுக்கியதற்குக் கூறப்பட்ட காரணம் ஒரே சொல்லில் அடங்கும். அச்சொல் "போட்டி" என்பது. சீனாவும் அமெரிக்காவும் முந்திச் செல்லுகையில் ஐரோப்பியக் கைத்தொழிலின் கால்களில் சட்டங்களைக் கட்டித் தொங்கவிடலாகாது என்று மந்திரிகளும் முதலாளிகளும் ஒரு முகமாகச் சொல்லுகிறார்கள்.

இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. ஆலை மூடப்பட்டால் தொழிலாளியின் உரிமை எந்த வாசலில் நின்று கேட்பது? ஆயினும், கைத்தொழிலின் லாபத்தை ஒரு தட்டிலும், தொழிலாளியின் உயிரையும் அவன் குழந்தை சுவாசிக்கும் காற்றையும் மற்றொரு தட்டிலும் வைத்து நிறுப்பதாகச் சொல்லுகிறவர்கள், தராசை உண்மையில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைப் பார்த்தறிய வேண்டும். பொதுப்பட வாதிப்பதைவிட ஓர் ஊரின் கதையைச் சொல்லுவது நலம். ஐரோப்பாவின் மிகப் பெரிய உருக்காலை அமைந்த ஊராகிய இத்தாலியின் தாரந்தோவே அவ்வூர்.

ஓர் ஊரின் வரலாறு

தாரந்தோ இத்தாலியின் தென்கோடியில், பாதரட்சை போன்ற அந்தத் தேசத்தின் குதிகாலுக்கு உட்புறமாக அமைந்த பழைய துறைமுகம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கர் வந்து குடியேறிய ஊர். ஒலிவத் தோப்புகளும், உள்கடலில் சிப்பி வளர்க்கும் தொழிலும், கப்பற்படைத் தளமும் அதன் ஜீவனம். யுத்தத்துக்குப் பின் வட இத்தாலி செழித்தது. தென் இத்தாலி வறுமையில் கிடந்தது. பிழைப்புத் தேடி லட்சக்கணக்கானோர் வடக்கே சென்றனர். இந்த ஏற்றத்தாழ்வைப் போக்க எண்ணிய இத்தாலிய சர்க்கார் 1960-இல் தாரந்தோவில் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டிற்று. 1965 ஏப்ரலில் அந்நாட்டு ஜனாதிபதியே வந்து ஆலையைத் திறந்து வைத்தார். விவசாயியின் மகன் மாதச் சம்பளக்காரனானான், வீடு கட்டினான், பிள்ளையைப் படிக்க வைத்தான். ஒரு காலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் அவ்வாலையில் நேரடியாக வேலை செய்தனர். இந்த நன்மைகளை மறைத்துவிட்டுக் கதை சொல்லுவது நியாயமாகாது.

ஆனால், ஆலை ஊருக்கு வெளியே அமைந்ததன்று. தம்பூரி என்னும் குடியிருப்புக்கு எதிரே, கூரையில்லாத வெட்டவெளியில் இரும்புத் தாதுவும் கரியும் மலைமலையாகக் குவிக்கப்பட்டன. காற்று வடமேற்கிலிருந்து வீசினால் செந்தூள் எழுந்து வீடுகளின் பால்கனிகளிலும் ஜன்னல்களிலும் துணிகளிலும் படியும். இறந்தோரையும் அது விடவில்லை. ஆலைக்கு அருகிலிருந்த மயானத்தின் சுவர்களுக்குத் தூசியின் நிறத்திலேயே வர்ணம் பூசிவிட்டார்கள். பிற்காலத்தில் காற்று வீசும் நாட்களை முன்கூட்டி அறிவித்து, குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி எச்சரிக்கவும், தம்பூரியின் பள்ளிக்கூடங்களை மூடவும் நேர்ந்தது. மழைக்கு விடுமுறை விடும் ஊர்களை நாம் அறிவோம். காற்றுக்கு விடுமுறை விட்ட ஊர் இது.

1990-இலேயே இத்தாலிய சர்க்கார் தாரந்தோவைச் சுற்றுப்புறக் கேட்டினால் பெரும் அபாயத்துக்குள்ளான பிரதேசம் என்று அறிவித்தது. ஆகவே, தெரியாமல் நடந்த தவறு என்று எவரும் சொல்ல இயலாது. அறிவித்த பிறகு என்ன நடந்தது? 1995-இல் ஆலை ரீவா என்னும் தனியார் குடும்பத்துக்கு விற்கப்பட்டது. சில வருஷங்களில் தொழிலாளர் உரிமையின் கதி வெளிப்பட்டது. தங்கள் தரத்தைக் குறைக்கும் புதிய ஒப்பந்தத்துக்கு இணங்க மறுத்த எழுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்களை, உபயோகமற்றுக் கிடந்த ஒரு கட்டிடத்தில் வேலை ஏதும் கொடாமல் மாதக்கணக்கில் உட்கார வைத்தனர் நிர்வாகிகள். வேலை செய்பவனுக்கு வேலையின்மையையே தண்டனையாக விதித்த இக்கொடுமைக்கு அளிக்கப்பட்ட தண்டனையை, இத்தாலியின் உயர்தனி நீதிமன்றம் 2006-இல் உறுதி செய்தது.

வடக்கே ஜெனோவா நகரில் அதே கம்பெனிக்கு மற்றோர் உருக்காலை இருந்தது. அங்குள்ள கோர்னில்யானோ பகுதியின் பெண்கள் புகையை எதிர்த்து வருஷக்கணக்காகக் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக 2002-இல் கோக் சூளைகளும், 2005-இல் ஊதுலையும் அங்கே அணைக்கப்பட்டன. ஜெனோவாவாசிகள் பெற்றது நியாயமான வெற்றி. ஆனால் அந்த உற்பத்தி எங்கே போயிற்று? தாரந்தோவுக்குப் போயிற்று. செல்வமுள்ள வடக்கில் அணைந்த நெருப்பு ஏழைத் தெற்கில் மூட்டப்பட்டது. பொதுவான சட்டம் பலமாக இல்லாத இடத்தில் புகை ஒழிவதில்லை. எதிர்க்கச் சக்தியற்றவன் வீட்டைத் தேடிக் குடிபெயர்கிறது.

2008-இல் ஆலையைச் சுற்றி மேய்ந்த ஆடுகளின் பாலில் டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு காணப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றார்கள். பின்னர் ஆலையைச் சுற்றி இருபது கிலோமீட்டர் வரையில் தரிசு நிலத்தில் மேய்ச்சலே தடுக்கப்பட்டது. 2011-இல் உள்கடலின் ஒரு பகுதியில் விளைந்த சிப்பிகளையும் அழிக்க நேர்ந்தது. ஆட்டிடையனும் சிப்பி வளர்ப்பவனும் தொழிலாளர்கள் அல்லவா? அவர்கள் ஜீவனத்தை இழந்தபோது, கைத்தொழிலின் கணக்குப் புஸ்தகத்தில் ஒரு வரியாவது எழுதப்பட்டதா?

நீதிபதியின் உத்தரவும் சர்க்காரின் அவசரச் சட்டமும்

கடைசியில் கோர்ட்டார் தலையிட்டனர். அவர்கள் நியமித்த வைத்திய நிபுணர்கள், ஆலைப் புகையினால் பதின்மூன்று வருஷங்களில் 386 பேர், அதாவது வருஷத்துக்கு முப்பது பேர் இறந்திருப்பதாகக் கணக்கிட்டனர். அதன்மேல் 2012-ஆம் வருஷம் ஜூலை 26-ந் தேதி, ஊதுலைகளும் கோக் சூளைகளும் அடங்கிய பகுதியை ஜப்தி செய்யும்படி ஒரு நீதிபதி உத்தரவிட்டார்.

அப்போது ஆலையில் சுமார் பன்னிரண்டாயிரம் பேர் வேலையில் இருந்தனர். ஜப்தி உத்தரவைக் கேட்டு அவர்கள் தெருவில் இறங்கினர். வேலையா, உயிரா என்ற கேள்வியை அவர்கள் முன் வைத்தவர்கள், தொழிலாளியையும் ஊராரையும் பகைவர்களாக்க எண்ணியிருந்தால் அவர்கள் எண்ணம் ஒரு நாள் தவறிற்று. ஆகஸ்டு 2-ந் தேதி தொழிற்சங்கங்கள் நடத்திய பெருங்கூட்டத்துக்குள் ஒரு மூன்று சக்கர வண்டி நுழைந்தது. நமது ஊர்களிலும் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடும் அதே 'ஏப்' வண்டிதான். அதைச் சூழ்ந்து வந்தவர்களில் ஆலைத் தொழிலாளர்களும் இருந்தனர். சாதாரண ஊராரும் இருந்தனர். வேலை ஒரு பக்கம், சுகாதாரம் ஒரு பக்கம் என்று எங்களைப் பிளக்க வேண்டாம். இரண்டும் எங்களுக்கே உரியவை என்பதே அவர்கள் சொல்ல வந்தது. பகலில் ஊதுலை முன் நிற்பவன் இரவில் தம்பூரியில் உறங்குகிறான். சுற்றுப்புறம் என்பது அவனுக்குக் காட்டிலுள்ள மிருகங்களைப் பற்றிய விஷயமன்று. தன் குழந்தையின் இருமலைப் பற்றிய விஷயம். அக்கூட்டத்தார் 2013 முதல் மே தினத்தைத் தாரந்தோவில் ஒரு பெரிய இசை விழாவாக நடத்தலாயினர்.

ஆயினும் ஊர் முழுதும் ஒரே மனத்துடன் எழுந்ததென்று சொல்லுவது பொய்யாகும். 2013 ஏப்ரலில் ஆலையை மூடுவது பற்றி ஊராரின் அபிப்பிராயம் கேட்டபோது, ஐந்தில் ஒரு பங்கினர்கூட வோட்டளிக்க வரவில்லை. சம்பளமும் பயமும் சேர்ந்து வாயை அடைத்த வீடுகள் எத்தனையோ இருந்திருக்க வேண்டும். பசித்தவனை நோக்கி, "நீ விஷத்தைத் தின்கிறாயா, பட்டினி கிடக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, அவன் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா?

இத்தாலிய சர்க்காரின் விடை 2012 டிசம்பரில் வந்தது. தேசத்துக்கு இன்றியமையாத ஆலை என்று பெயரிட்டு, அவசரச் சட்டம் ஒன்றினால், சீர்திருத்தங்களைச் செய்துகொண்டே 36 மாதங்கள் உற்பத்தியை நடத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். இதைப் பரிசீலித்த அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2013-இல், எந்த ஓர் உரிமையும் மற்ற உரிமைகளின்மேல் கொடுங்கோலனாக ஆளக் கூடாது. சுகாதாரமும் வேலையும் ஒன்றுக்கொன்று நிறுக்கப்பட வேண்டியவை என்று கூறி, சட்டத்தை ஒப்புக்கொண்டது. இந்தத் தத்துவத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் அத்தீர்ப்பு 36 மாதங்களுக்குள் ஆலை திருந்தும் என்ற வாக்குறுதியின்மேல் நின்றது. அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று?

தவணை நீண்டது. பத்துக்கு மேற்பட்ட அவசரச் சட்டங்கள் அந்த ஒரே ஆலைக்காகப் பிறந்தன. முடிவில் 2023 ஆகஸ்டு வரை தவணை கொடுக்கப்பட்டது. தாது மலைகளுக்குக் கூரை போடுவதற்குக்கூட 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையே 2015-இல் ஒரு தொழிலாளி ஊதுலையருகே உருகிய இரும்பு பட்டு மாண்டார். அந்த உலையை அதிகாரிகள் ஜப்தி செய்தனர். சர்க்கார் மற்றோர் அவசரச் சட்டத்தினால் அதைத் தொடர்ந்து எரிய விட்டது. ஐந்து வருஷங்களுக்கு முன் தராசைப் பற்றிப் பேசிய அதே நீதிமன்றம், 2018-இல் இச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளிற்று. உற்பத்தியின் நலம் ஒன்றையே கருதி, உயிரையும் உடலையும் காக்கும் உரிமையைச் சர்க்கார் முற்றும் கைவிட்டுவிட்டதென்று கூறிற்று. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதையை நம் குழந்தைகளும் அறியும். தட்டைச் சமப்படுத்துகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்தில் கடித்துக்கொண்டிருந்தால், அதற்குச் சமநிலை என்று பெயரில்லை.

மூன்றும் போயின

இனி, போட்டியைக் காட்டி வாதாடுவோர் கட்சிக்கே வருவோம். ஊராரின் சுகாதாரத்தைக் கொடுத்தாவது ஆலையின் போட்டிச் சக்தியைக் காப்பாற்றினார்களா? 2012-இல் தாரந்தோ சுமார் 80 லட்சம் டன் உருக்கு உற்பத்தி செய்தது. 2024-இல் அது 20 லட்சம் டன் அளவுக்கு வீழ்ந்தது. 2018-இல் ஆலையை ஏற்றவர், ராஜஸ்தானத்தில் பிறந்த லக்ஷ்மி மித்தலின் தலைமையிலுள்ள ஆர்சிலர் மித்தல் கம்பெனியார். கடந்த காலக் கேடுகளுக்காகத் தங்கள்மேல் வழக்கு வாராமல் காத்த சட்டப் பாதுகாப்பைப் பார்லிமெண்டு நீக்கியதும், 2019 நவம்பரில் அவர்கள் விலகிக்கொள்ளுவதாக நோட்டீஸ் கொடுத்தனர். 2021-இல் சர்க்காரே பங்கு போட்டது. 2024 பிப்ரவரியில் ஆலை, கடன் தீர்க்க வழியின்றி, சர்க்கார் நியமித்த விசேஷ நிர்வாகிகள் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையின்றி உதவித்தொகையில் காலம் தள்ளினர். சர்க்கார் கொடுத்த பண உதவியில் 8 கோடியே 40 லட்சம் யூரோ நியாயமற்ற போட்டிக்கு இடமளிப்பதென்று கூறி, அதைத் திரும்ப வசூலிக்கும்படி ஐரோப்பியக் கமிஷன் 2017-இலேயே உத்தரவிட்டிருந்தது.

சுகாதாரம் போயிற்று, வேலை போயிற்று, போட்டியும் போயிற்று. இதுதான் தவணை வியாபாரத்தின் ஐந்தொகை. சட்டத்தின் கடுமையால் ஆலை நலிந்தது என்று சொல்ல இடமில்லை. சட்டம் அங்கே ஒரு நாளும் கடுமையாக அமலாகவே இல்லை. ஒவ்வொரு தவணையும், இயந்திரங்களைப் புதுப்பிக்க வேண்டிய பணத்தை வேறு வழியில் செல்ல விட்டது. நோயாளிக்கு மருந்து கசக்கும் என்று பயந்து நாளை நாளை என்று தள்ளியவர்கள், கடைசியில் நோயாளியையே இழக்கும் நிலைக்கு வந்தார்கள்.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரம் இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதுவும் உருக்கு ஊர்தான். பிராணவாயுவைச் செலுத்தி உருக்கு வார்க்கும் எல்.டி. முறை 1952-இல் அங்கேதான் தொழிலளவில் தொடங்கிற்று. நமது ரூர்கேலா ஆலை இந்தியாவில் முதன்முதல் மேற்கொண்டதும் அம்முறையே. 1980-களில் லின்ஸின் காற்று ஆஸ்திரியாவிலேயே மிகக் கெட்டதென்று பெயர் பெற்றிருந்தது. 1985-இல் அந்த ஆலையின் உடைமையாளரான சர்க்கார் ஸ்தாபனம் பெரும் நஷ்டத்தில் வீழ்ந்தது. தவணை கேட்க அதைவிடத் தக்க சமயம் ஏது? ஆயினும் நகரத்தாரின் வற்புறுத்தலால் அப்பத்தாண்டுகளிலேயே வடிகட்டிகளும் புதிய சூளைகளும் அமைந்தன. தூசியும் கந்தகப் புகையும் பன்மடங்கு குறைந்தன. ஆலை மடியவில்லை. லின்ஸும் தாரந்தோவும் ஒரே ஐரோப்பியச் சந்தையில், ஒரே சீன உருக்கோடு போட்டியிட்டவை. ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. போட்டியே காரணமென்றால் இரண்டும் விழுந்திருக்க வேண்டாவா?

2019-இல் ஸ்டிராஸ்பர்க்கிலுள்ள மனித உரிமை நீதிமன்றம், தாரந்தோவாசிகளின் உரிமையை இத்தாலி காக்கத் தவறியது என்று தீர்ப்புக் கூறிற்று. 2024 ஜூன் 25-ந் தேதி லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய யூனியனின் நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசிற்று. ஆலைக்கு அனுமதி கொடுக்குமுன் அதனால் மனிதரின் சுகாதாரத்துக்கு விளையும் கேட்டை மதிப்பிட்டே தீர வேண்டும். அபாயம் பெரிதாயின் தவணையை மேன்மேலும் நீட்டுதல் ஆகாது, ஆலையின் இயக்கத்தையே நிறுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அறுபது வருஷப் புகைக்குப் பிறகு வந்த வாக்கியம் இது.

ஐரோப்பா மறந்த பாடம்

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். தொழிலாளர் உரிமை போட்டிக்குப் பகை என்னும் கருத்து ஐரோப்பிய ஐக்கியத்தின் அஸ்திவாரத்திலேயே இல்லை. 1957-ஆம் வருஷத்து ரோம் உடன்படிக்கையின் 119-ஆவது ஷரத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம சம்பளம் என்று விதித்தது. அதைக் கேட்டு வாங்கிய தேசம் பிரான்ஸ். பிரெஞ்சுச் சட்டம் சம சம்பளம் கொடுக்கச் சொல்லுகையில், அண்டை நாட்டு ஆலைகள் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்து மலிவாக விற்றால் தன் நெசவுத் தொழில் நசித்துவிடும் என்று பிரான்ஸ் அஞ்சிற்று. ஆகையால் தன் சட்டத்தைக் குறைக்காமல் எல்லோரையும் அந்த மட்டத்துக்கு உயர்த்தும்படி கேட்டது. போட்டியை முன்னிட்டே உரிமை பிறந்தது. உரிமையை விலையாகக் கொடுத்துப் போட்டியிடுவதை எவருக்கும் தடுத்துவிட்டால், திறமையாலும் இயந்திரத்தாலும் போட்டியிடுவது ஒன்றே மிஞ்சும் என்பது அதன் தத்துவம்.

அந்த ஷரத்துக்கும் தவணை நோய் பிடித்தது. 1961 முடிவுக்குள் நிறைவேற வேண்டியதை, அங்கத்தினர் சர்க்கார்கள் கூடி 1964 முடிவு வரை தள்ளினர். 1966-இல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஆயுத ஆலைப் பெண்கள் அந்த ஷரத்தைக் கையில் ஏந்தி வாரக்கணக்காக வேலை நிறுத்தம் செய்தனர். 1976-இல் ஒரு பெல்ஜிய விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில், உடன்படிக்கை குறித்த கெடுவைத் தீர்மானத்தினால் நீட்ட சர்க்கார்களுக்கு அதிகாரமில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறிற்று.

2013 ஏப்ரல் 24-ந் தேதி வங்காள தேசத்தின் டாக்கா அருகே ராணா பிளாஸா என்னும் கட்டிடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். இடிபாடுகளில் கிடந்த ஆடைகளில் ஐரோப்பியக் கடைகளின் பெயர்கள் தைக்கப்பட்டிருந்தன. அந்த வெட்கம் வளர்த்த சட்டமே நாம் முதலில் குறிப்பிட்டது. 2024 ஏப்ரல் 24-ந் தேதி, அதே நினைவு நாளில், ஐரோப்பியப் பார்லிமெண்டு அதை நிறைவேற்றிற்று. ஆயிரம் ஊழியரும் 45 கோடி யூரோ வியாபாரமும் உள்ள கம்பெனிகளை அது கட்டுப்படுத்திற்று. 2025 பிப்ரவரியில் கமிஷன் திருத்தம் கொணர்ந்தது. ஏப்ரலில் முதல் தவணை ஒரு வருஷம் கிடைத்தது. டிசம்பரில் எல்லை ஐயாயிரம் ஊழியர், 150 கோடி யூரோ வியாபாரம் என்று உயர்ந்தது. அமலாகும் காலம் 2029 ஜூலைக்குப் போயிற்று. தீங்குற்றோர் நஷ்டஈடு கேட்பதற்கு யூனியன் முழுதுக்கும் பொதுவாக வகுத்த பொறுப்பு கைவிடப்பட்டது. புவியின் வெப்பத்தைக் குறைக்கக் கம்பெனிகள் திட்டம் வகுக்க வேண்டுமென்ற விதியும் அகன்றது.

இத்தாலியின் முன்னாள் பிரதம மந்திரி மாரியோ திராகி 2024 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையையே இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சட்டங்களின் சுமையை அவர் கண்டித்தது உண்மை. சிறிய கம்பெனிகள் காகிதக் குவியலில் மூழ்குவதை நாமும் விரும்பவில்லை. ஆனால் அதே அறிக்கை, ஐரோப்பிய ஆலைகளுக்கு மின்சாரம் அமெரிக்காவைவிட இரண்டு மூன்று மடங்கும், இயற்கை வாயு நாலைந்து மடங்கும் விலையாவதைச் சொல்லுகிறது. வருஷந்தோறும் 75,000 கோடி முதல் 80,000 கோடி யூரோ வரை புதிதாக முதலிட வேண்டும் என்றும் சொல்லுகிறது. பணம் போட வேண்டிய சிபார்சு மெல்ல நகர்கிறது. தொழிலாளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் காவலாக நின்ற விதி விரைந்து கழிகிறது. சுலபமானதைச் செய்துவிட்டு அவசியமானதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளுதல் ராஜதந்திரமாகலாம், கைத்தொழிலைக் காப்பதாகாது.

நமக்கு இதில் என்ன?

நமது தேசபக்தர்களில் சிலர், இது வெள்ளையர் வீட்டுச் சண்டை என்பர். வேறு சிலர், ஐரோப்பா பேசும் தொழிலாளர் நியாயமும் காற்றின் தூய்மையும் நம் சரக்கைத் தடுக்கும் தந்திரமே என்பர். இந்தச் சந்தேகத்துக்குப் பழைய காரணம் உண்டு. 1881-இல் இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்ததற்குப் பம்பாய் ஆலைகளின் போட்டியைப் பொறாத லங்காஷயர் முதலாளிகளின் தூண்டுதல் பெரிய காரணம். நம் தேசியப் பத்திரிகைகள் பல அதை எதிர்த்தன. இன்றும் இறக்குமதி உருக்கு, சிமிட்டி, அலுமினியம் முதலியவற்றின்மேல், அவற்றின் உற்பத்தியில் எழுந்த கரிப்புகைக்குத் தக்கபடி ஐரோப்பா விதிக்கும் கட்டணம், 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்திய சர்க்கார் அதை ஆட்சேபித்திருக்கிறது. தன் வீட்டுக் கம்பெனிகளுக்குத் தவணை கொடுத்துக்கொண்டே பிறர் வாசலில் கறாராக நிற்பவரைப் பார்த்து, உமது நியாயம் எங்கே என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் 1881-ஆம் வருஷத்துச் சட்டம் என்ன சொல்லிற்று? ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தையை ஆலையில் வைக்கலாகாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. தூண்டியவன் எண்ணம் கெட்டதென்பதால் அக்குழந்தையின் களைப்புப் பொய்யாகிவிடுமா? லங்காஷயர் சொல்லியா பம்பாய்த் தொழிலாளர்கள் 1884-இல் நாராயண மேகாஜி லோகண்டேயின் தலைமையில் கூடி வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கேட்டார்கள்? அதை அவர்கள் தாமே கேட்டு 1890-இல் பெற்றார்கள். அன்னியனின் சுயநலத்தை வெறுத்த வேகத்தில் நம் தொழிலாளியின் நியாயத்தையும் வெறுத்தது அக்காலத் தேசியத்தின் குறை. அதை நாம் மறுபடி செய்யலாகாது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. கைத்தொழிலும், தொழிலாளியின் உரிமையும், காற்றும் நீரும் ஒன்றோடொன்று நிறுக்கப்படுவது தவிர்க்க முடியாததே. நிறுக்கும்போது எல்லாச் செலவும் தட்டில் ஏற வேண்டும். ஆட்டிடையன் இழந்த மந்தையும், தம்பூரிக் குழந்தை இழந்த பள்ளி நாட்களும் கணக்கில் வர வேண்டும். கெடு குறித்தால் அந்தக் கெடு கெடுவாகவே இருக்க வேண்டும். திருத்தம் செய்யப் பணமில்லாத ஆலைக்கு சர்க்கார் கடன் கொடுக்கட்டும். வேலை இழப்பவனுக்கு மாற்றுத் தொழில் கற்பித்துச் சம்பளம் கொடுக்கட்டும். தவணை மட்டும் கொடுக்க வேண்டாம். தாரந்தோவுக்குக் கொடுத்த தவணைகளின் வட்டியைக் கட்டியவர்கள் ரோமாபுரியின் மந்திரிகளல்லர். தம்பூரியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காற்று அடங்கக் காத்திருந்த ஜனங்களே கட்டினார்கள். 2029 வரை ஐரோப்பா இப்போது வாங்கியிருக்கும் தவணைக்கும் வட்டி உண்டு. அதை எந்தத் தேசத்து ஆலையில் எந்தத் தொழிலாளி கட்டப் போகிறான் என்பதை, நமது நேயர்கள் விழிப்புடன் கவனித்து வருவார்களென்று நம்புகிறோம்.